ஈயப் பெட்டியை மூடுமுன்

முதலில், சோதனை ஓட்டத்தில் கற்றை அளக்கும் கருவிக்குள் அறுந்த கம்பியைக் குறை சொன்னார்கள். அடுத்து, கம்பி விற்றவரை மாற்றினார்கள். புதுக் கம்பியும் பத்தொன்பதாம் நாள் அறுந்தது. மூன்றாவதாக, கம்பியின் இழுவையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று சொன்ன ஒப்பந்தத் தொழிலாளி செம்புலிங்கத்தை, திருகாணி முடுக்குவதோடு நிற்கச் சொன்னார்கள். நான்காவதாக, அவர் ஒரு கருவியில் வரைபடத்தை மீறி இழுவை குறைந்த மெல்லிய ஸ்பிரிங் வைத்தது தெரிந்ததும் வேலையை விட்டு நீக்கினார்கள். ஐந்தாவதாக, பதிவேட்டில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்கள்.

அவர் பொருத்திய கருவி மட்டும் துகள் முடுக்கியின் சுரங்கத்திலேயே தங்கிவிட்டது. இயந்திரம் முழுவீச்சில் ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே போய் மாற்ற வழியில்லை. கதிர்க்கற்றை போகும் பாதையை அது நான்கு வருடம் காட்டியது. இருமுறை கற்றை விலகியபோது, குழாய் உருகுமுன் இயந்திரத்தை நிறுத்த முடிந்தது. பாராட்டுக் கடிதம் பிரிவுத் தலைவர் நன்மாறனுக்கு வந்தது.

இப்போது இயந்திரம் நின்றிருந்தது. கருவி வெளியே வந்து, கதிர்வீச்சு கசியாதபடி ஈயப் பெட்டிக்குள் கிடந்தது. பொருத்தியவர் பெயரை எல்லோர் முன்னும் உரக்கப் படித்த பிறகே பெட்டியை மூடுவது அங்கே வழக்கம். படிக்க வேண்டியவர் பிரிவுத் தலைவர்.

நன்மாறனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பட்டறைத் தலைவி தவமணி. பதவி உயர்ந்த பின்னும் அவரை டீச்சர் என்றே அழைப்பார்.

"மற்றதெல்லாம் அறுந்து போச்சு. இது எப்படித் தாங்கிச்சு, டீச்சர்?"

தவமணி இரண்டு செம்புக் கம்பிகளைத் தொங்கவிட்டார். ஒன்றில் பத்து நட்டுகள், மற்றதில் இரண்டு. இரண்டுக்கும் பர்னர் தீயைக் காட்டினார். இரண்டும் சிவந்தன. பத்து நட்டுக் கம்பி அறுந்தது. நட்டுகள் மேசைக்கடியில் உருண்டன. நன்மாறன் மண்டியிட்டு அத்தனையும் பொறுக்கினார்.

"அளவு துல்லியமா வரணும்னுதானே இறுக்கி இழுத்தோம்."

"ஆமா சார். குளிர்ந்த கம்பியில துல்லியமாத்தான் இருந்துச்சு. கற்றை பட்டா கம்பி இப்படித்தான் சிவக்கும்."

நட்டுகளை மேசையில் வைத்துவிட்டு, செம்புலிங்கத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று நன்மாறன் கேட்டார். பதிவேட்டில் பெயர் அடிபட்டிருப்பதால் அந்தக் கருவியைப் பொருத்தியதற்குச் சாட்சி இல்லை என்று, மீண்டும் வேலை கேட்ட செம்புலிங்கத்தின் மனுவை நிர்வாகம் இருமுறை திருப்பியிருந்தது. அதை மறக்க வேண்டாம் என்றார் தவமணி. பிறகு நன்மாறனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

பதினோரு தொழிலாளிகள், சங்கச் செயலாளர், நிர்வாகத்தின் ஆள் ஒருவர். ஆயுத பூஜைக்கே பூ வாங்காத கூட்டம் பெட்டியின் மேல் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தது. சங்கம் வரவழைத்து, கடைசி வரிசையில் கைகட்டி நின்ற செம்புலிங்கத்திடம் ஒருவன், "மாப்பிள்ளை முன்னாடி வரக்கூடாதா?" என்றான். அவர் சிரித்தார், நகரவில்லை.

நன்மாறன் பதிவேட்டைத் திறந்தார். சிவப்புக் கோடு அவர் கை போட்டது. கீழே இருந்த கையெழுத்தும் அவருடையது.

"அடிச்ச பேரை எப்படிப் படிக்கிறது, டீச்சர்?"

"கோடு மேலதான் சார் இருக்கு. எழுத்து அப்படியே இருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பின்வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்.

"பொருத்தியவர்: மு. செம்புலிங்கம்."