அவசரமில்லை என்று எழுதிய சீட்டு

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றோரமாக ஒரு சின்ன மடம். அதன் தலைவி வடிவம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் சுடலைமுத்துவுக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். விசிலை ஒப்படைத்துவிட்டு வந்த பிறகும் பரபரப்பு மட்டும் அவரை விட்டு இறங்கவில்லை.

ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மடத்துக்கு வந்தார். அடிவயிற்றில் குடலிறக்கமாம், ஆபரேஷனுக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அவருக்குப் பின்னால் நின்ற ஆளுக்கு மறுநாளே தேதி கொடுத்துவிட்டார்களாம். போதாததற்கு இவர் சீட்டில் 'அவசரமில்லை' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவசரமில்லைன்னா என்னம்மா அர்த்தம்? நான் இருந்தா என்ன, போனா என்னன்னுதானே?"

வடிவம்மை சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"மறுநாளே தேதி வாங்கினவர் முகத்தைப் பார்த்தீங்களா, அண்ணாச்சி?"

சுடலைமுத்து யோசித்தார். அந்த ஆள் அழுதுகொண்டிருந்தார்.

"உங்க உடம்பு நாலு மாசம் தாங்கும்னு டாக்டர் சொல்லுதார். நல்ல செய்தியை ஏன் திட்டுதீங்க?"

சுடலைமுத்துவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறதா! அன்றிலிருந்து காத்திருப்பதே அவருக்குத் தவமாகிவிட்டது. காலண்டரில் நாள்தோறும் ஒரு நாளை அடித்தார். ஆஸ்பத்திரிக்கு வலியப் போய், ஸ்கேனுக்காக உட்கார்ந்திருந்தவர்களிடம் அவசரமில்லை என்றால் அதிர்ஷ்டம் என்று பிரசங்கம் செய்தார். ஒரு பெண் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவர் அங்கேயும் போய்ச் சொன்னார். உற்சாகம் வந்துவிட்டால் மனிதரை நிறுத்த முடியாது.

பதினோராவது வாரம், காலைப் பூஜை. முன்வரிசையில் சுடலைமுத்துவின் முகம் பளபளவென்று இருந்தது. தீபாராதனைத் தட்டோடு பக்கத்தில் வந்த பிறகுதான் வடிவம்மைக்கு அது வியர்வை என்று தெரிந்தது.

"என்ன செய்யுது?"

"ஜெயிச்சுட்டேம்மா." அவர் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "விடிஞ்சதுல இருந்து உயிர் போற வலி. வீக்கம் கல்லு மாதிரி ஆயிட்டு. ரெண்டு தடவை வாந்தி. ஒருத்தர்கிட்ட மூச்சு விடலையே."

வடிவம்மை தட்டைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். அவர் ஓடி அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆட்டோவில் ஏறியதும் டிரைவரை விரட்டு விரட்டென்று விரட்டினார். குரலை உயர்த்தியே பேசாதவர் கடைத்தெரு முழுக்க வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார். சுடலைமுத்து பாதி வழி வரை சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவரால் முடியவில்லை.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார். பதில் முடிவதற்குள் தள்ளுவண்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டது. வெளியே வடிவம்மை சீடரின் துண்டைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் வார்டில் டாக்டர் வந்து, பிழைத்துக்கொண்டார், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடலே அழுகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சுடலைமுத்துவின் கவலை வேறாக இருந்தது.

"தவம் கலைஞ்சு போச்சேம்மா. இன்னும் அஞ்சே வாரம்தான் இருந்துச்சு."

"வலி கூடினா டாக்டர் என்ன செய்யச் சொன்னார்?"

"உடனே வரச் சொன்னார்."

"ஏன் போகலை?"

"நீங்கதானே நல்ல செய்தின்னு சொன்னீங்க."

வடிவம்மை கலைந்து கிடந்த போர்வையை அவர் காலுக்கு இழுத்து விட்டார்.

"பாதியில நிறுத்தினது என் தப்பு. மீதியை இப்பச் சொல்லுதேன். காத்திருக்கச் சொன்னது ஆபரேஷனுக்கு, அண்ணாச்சி. வலிக்குதுன்னு சொல்லதுக்கு வரிசையே கிடையாது."