அண்ணாச்சியின் காரும் ஒரு ஜோடி டயரும்

மீன் விற்கும் அமலோற்பவம் தன் பழைய மோட்டார் சைக்கிளை மூணு சக்கர வண்டியாக மாற்றியிருந்தாள். பின் சக்கரம் ரெண்டுக்கும் டயர் மாற்ற ஞானதுரை கடைக்கு வந்தாள். அந்த வட்டாரத்தில் அவர் எடுத்துக் கொடுத்ததுதான் டயர். மறுபேச்சு பேசினால் அடுத்த முறை வாசலில் நிற்க முடியாது.

கடையாள் டயர் மாட்டிக் கொண்டுவந்த சக்கரங்களை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு டயரில் அளவு எண் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றில் அந்த இடத்தில் கறுப்புப் பாலிஷ் அப்பியிருந்தது.

"அண்ணாச்சி, ரெண்டும் ஒரே அளவுதானா? மீன் பாரத்தோட வண்டி ஒரு பக்கமா இழுத்தா லாரிக்கு அடியிலதான் போவேன்."

"இது என்ன கம்பெனி வண்டியா, அளவு பேச? ஒரே அளவுதான். இல்லன்னா நிரூபி. டேப்பெல்லாம் தர முடியாது."

டயர் வாங்கிக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டேப் எதுக்கு அண்ணாச்சி? ரெண்டையும் ஒரே அச்சுல முடுக்கி உருட்டுவோம். ஒண்ணு சின்னதுன்னா அந்தப் பக்கம் வளையும். இல்லன்னா நேரா ஓடும்."

வளைந்தால் ரோடு சரியில்லை என்று சமாளித்துக்கொள்ளலாம் என நினைத்தார் அவர். "தாராளமா உருட்டு!"

அச்சில் முடுக்கிய சக்கரங்களை அவள் வாசலில் நின்ற அவருடைய புதுக் காரை ஒட்டி நிறுத்தினாள். பாலிஷ் போட்ட டயர் கார் பக்கம் இருந்தது. கடையாள் தள்ளக் குனிந்தான்.

"ஏலேய், நில்லு! முதல்ல காரை எடு!" என்று அலறினார் ஞானதுரை.

"நேரா ஓடுற சக்கரத்துக்குக் காரை ஏன் அண்ணாச்சி எடுக்கணும்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வாங்கிய டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.