ஒரு பை பொரி

வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறையில் பேராசிரியை மங்கையர்க்கரசிக்கு ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவர். பெயர் தட்சிணாமூர்த்தி. வயது நாற்பத்தேழு, குருவைவிட எட்டு வயது மூத்தவர். அந்தப் பெயருள்ள சாமி வாய் திறக்காமலே உபதேசம் செய்வாராம். இவர் வாயை மூடியதே கிடையாது.

முனைவர் பட்டத்துக்கான பதிவுக் காலம் முடிய ஆறு வாரம்தான் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டியாகிவிட்டது, இனி நீட்ட மாட்டார்கள். அன்று காலை அவர் ஓர் ஆமணக்கு இலையோடு வந்து நின்றார்.

"மேடம், இந்தப் புழுங்களோட என்னால மல்லுக்கட்ட முடியல."

"இப்ப என்ன?"

"கரியமில வாயு கூட்டி விட்ட கூண்டுல செடி கிடுகிடுன்னு வளருது. இலை ஒவ்வொண்ணும் முறம் மாதிரி. அதைத் தின்ன புழு நோஞ்சானா இருக்கு. சாதாரணக் காத்துல வளர்ந்த இலையைத் தின்னது கொழுகொழுன்னு இருக்கு. இத்தனைக்கும் நோஞ்சான்தான் கூடுதலா தின்னுது. ஏன் மேடம்?"

"இலையில என்னென்ன அளந்தீங்க?"

"நீளம், அகலம், எடை."

"அவ்வளவுதானா?"

"இலையில அளக்கறதுக்கு வேற என்ன மேடம் இருக்கு?"

மங்கையர்க்கரசி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆறு வருடமாக இந்த மனிதருக்கு விளக்கி விளக்கி அவருக்குத் தொண்டை வறண்டு போயிருந்தது.

"காலையில சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"வாசல் கடையில ஒரு பெரிய பை பொரி வாங்கிட்டு வாங்க. கடலை சேர்க்க வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் அதுதான் உங்களுக்குச் சாப்பாடு."

"என் கேள்விக்குப் பதில்?"

"தின்னுங்க சார்!"

நாலு மணிக்கு தட்சிணாமூர்த்தி திரும்பி வந்தார். மீசையில் இரண்டு பொரி ஒட்டியிருந்தது. பை காலி.

"தலை சுத்துது மேடம்."

"பை முழுக்கத் தின்னிருக்கீங்க. அப்புறம் என்ன?"

"தின்னுக்கிட்டேதான் இருந்தேன். வயிறு ஊதிப்போச்சு, பசி அடங்கல. ஒரு முட்டையோ ஒரு பிடி சுண்டலோ கிடைச்சா தேவலைன்னு இருக்கு."

"புழுவும் அதையேதான் கேட்டிருக்கும்."

தட்சிணாமூர்த்தி இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இலை பெருத்ததே தவிர உள்ள சத்து ஏறல. புரதம் குறைஞ்சிருக்கு, அதானே?"

"அளந்துட்டு வந்து சொல்லுங்க."

மனிதர் போகவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், அப்போ இதுக்கு முன்னாடி வளர்த்த முதல் தொகுதிப் புழுவும் சரியாத்தான் இருந்திருக்கு."

"அதுலதான் வாயு இலை தின்ன புழு கொழுத்துதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"கொழுக்கல. பெரிய இலையைத் தின்னது எப்படி இளைக்கும், யாரோ புழுப் பெட்டியில கூண்டுப் பேர் எழுதின அட்டையை மாத்தி ஒட்டிட்டாங்கன்னு நினைச்சேன். நானே எடுத்து... சரியா ஒட்டினேன்."

மங்கையர்க்கரசி கையில் இருந்த பேனாவை மேசை மேல் போட்டார்.

"எத்தனை பெட்டி?"

"ஏழோ எட்டோ."

"எந்தெந்தப் பெட்டின்னு குறிச்சு வச்சீங்களா?"

"இல்ல."

"மொத்தம் நாப்பது பெட்டி!"

"அது ஒண்ணும் கஷ்டமில்ல மேடம்," என்றார் அவசரமாக, கையிலிருந்த நோட்டைத் திறந்தபடி. "புழு எடையெல்லாம் நோட்டுல இருக்கு. இளைச்சது எல்லாம் வாயுக் கூண்டு, கொழுத்தது எல்லாம் சாதாரணக் கூண்டுன்னு திருப்பி எழுதிட்டா முடிஞ்சுது. ஆறு வாரத்துல ஆய்வேட்டைக் குடுத்துடலாம். அதான் இப்ப நமக்கு உண்மை தெரிஞ்சுபோச்சே!"

மங்கையர்க்கரசி அந்த நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"அன்னிக்கும் உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னுதானே சார் மாத்துனீங்க?"