ஆவுடையின் உரிம ஓலை

சித்தலூர் ராஜாவுக்குப் புலி என்றால் பயமில்லை. வாந்திபேதி என்றால்தான் குலை நடுக்கம். அதனால் வைத்தியசாலையில் நோயாளிகள் கழித்துப் போட்ட கந்தலையும் பாயையும் அள்ளிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே குழியில் போட்டு எரிப்பதற்கு ஆள் வைத்திருந்தார். அந்த ஆள் ஆவுடை. ஒற்றை மாட்டு வண்டிக்காரி. அந்த ஊரிலேயே தொற்றுக் குப்பையைத் தொட உரிமம் உள்ளவள் அவள் ஒருத்திதான். உரிம ஓலையை வண்டியின் நுகத்தடியில் கட்டித் தொங்கவிட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம்.

இந்த வேலைக்கெல்லாம் அதிகாரி தாண்டவராயர். அவருக்கு ஒரு மச்சினன், பெயர் ரங்கபூபதி. அந்த உரிமத்தை எப்படியாவது அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் தவியாய்த் தவித்தார்.

ஒருநாள் ஆவுடையின் மாடு அதிகாரி வீட்டு வாசலில் சாணி போட்டது. போதாதா?

"தொற்று வண்டி மாடு போட்டது தொற்றுச் சாணி! உன் உரிமம் மூன்று நாளைக்கு நிறுத்தம்!" என்றார்.

மூன்று நாளும் ஆவுடை வண்டி பூட்டவில்லை. நாலாம் நாள் அதிகாரி சபைக்கு ஓடினார். பின்னாலேயே ஆவுடையும் வைத்தியசாலை வைத்தியரும் வந்து சேர்ந்தார்கள்.

"மகாராஜா! ஆவுடை மூன்று நாளாகக் குப்பையே அள்ளவில்லை. வேலையில் இப்படி அலட்சியமா? உரிமத்தை ரத்து செய்ய வேண்டும்!"

"நீங்கதானே சாமி அள்ளக் கூடாதுன்னீங்க?" என்றாள் ஆவுடை.

"அது நிறுத்தம். இது ரத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே!"

வைத்தியர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மகாராஜா, கந்தல் மூட்டை கூரையைத் தொட்டுவிட்டது. நோயாளி எது, மூட்டை எது என்று எனக்கே தெரியவில்லை."

ஆவுடைக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பிள்ளைங்க இருக்கு சாமி. இந்த ஓலையை விட்டா எனக்கு வேற கஞ்சி கிடையாது."

"இந்த ஓலைதானே?" அதிகாரி கையை உயர்த்திக் காட்டினார். வரும் வழியிலேயே நுகத்தடியிலிருந்து அறுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ராஜாவுக்குப் பக்கத்தில் சோலையப்பர் பாக்கு மென்றுகொண்டிருந்தார். சபையில் எந்தச் சிக்கல் வந்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தார்.

"அதிகாரியாரே, தொற்றுச் சட்டம் என்ன சொல்கிறது?"

அதிகாரி நெஞ்சை நிமிர்த்தினார். "தொற்று வண்டியையோ தொற்றுக் குப்பையையோ தொட்ட எந்தப் பொருளும் தொற்றுக் குப்பை. உரிமம் இல்லாமல் அதைத் தொட்டவரும் தொற்றுக் குப்பை. குப்பையை உரிமம் உள்ளவர் தவிர யாரும் தொடவோ நகர்த்தவோ கூடாது."

"அருமை! யார் எழுதியது?"

"நானேதான்!"

"ஓலை எங்கே தொங்கியது?"

"வண்டியி..." அதிகாரி வாயை மூடிக்கொண்டார்.

ராஜா சிம்மாசனத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அடப்பாவி! குப்பை சபைக்குள் வந்துவிட்டதா? அப்புறப்படுத்துங்கள்!"

"நான் போய்விடுகிறேன் மகாராஜா!"

"அசையாதீர்!" என்றார் சோலையப்பர். "உரிமம் இல்லாமல் குப்பையை நகர்த்துவது குற்றம். நீரே உம்மை நகர்த்தினாலும் குற்றம்தான்."

"என் மச்சினனுக்கு உரிமம் தருகிறேன்! டேய் ரங்கா, வா, முதல் பாரம் நான்தான்!"

உரிமம் வாங்கச் சந்தனம் பூசி, மாலையோடு சபை வாசலில் காத்திருந்த ரங்கபூபதி மாலையைக் கழற்றினான். "மாமா, குப்பையைத் தொடணும்னு நீங்க சொல்லவே இல்லையே!" அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை, ஆளைக் காணோம்.

மிச்சம் ஆவுடைதான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா ஆவுடை, என்னைக் கொஞ்சம்..."

"உரிமம் இல்லாம தொட மாட்டேன் சாமி. சட்டம்னா சட்டம்."

அதிகாரி நின்ற இடத்திலேயே எழுத்தாணியை வாங்கி, புது ஓலையில் உரிமம் எழுதித் தரையில் வைத்தார். ஆவுடை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு அவரை அலாக்காகத் தூக்கி முற்றத்தில் நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு குடம், வேப்பிலைத் தண்ணீர் ஒரு குடம் ஊற்றினாள். தோளில் கிடந்த பட்டு அங்கவஸ்திரத்தையும் உருவிக்கொண்டாள். எரிக்க வேண்டிய சாமானாயிற்றே!

தலையைத் துவட்டியதும் அதிகாரிக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "இப்போது நான் சுத்தம். இந்த உரிமத்தை நாளைக்கே பறிக்கிறேனா இல்லையா, பார்!"

"எப்படிப் பறிப்பீர்?" என்றார் சோலையப்பர். "அந்த ஓலையை எழுதும்போது நீர் குப்பை. குப்பை கைப்பட்ட ஓலையும் குப்பை. உரிமம் உள்ளவர்தான் அதைத் தொடலாம். இந்த ஊரில் அது ஆவுடை ஒருத்திதானே?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. சோலையப்பருக்கு ஒரு பட்டுச் சால்வை, ஆவுடைக்கு இன்னொரு மாடு என்று அங்கேயே உத்தரவானது.

ஆவுடை இடுப்பு ஓலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, வைத்தியசாலைக்கு வண்டியைப் பூட்டப் போனாள்.