மாடக்கண்ணு செய்த கொலை

ஊர்ப் பேரைச் சொன்னால் வம்பு வரும். நடந்ததை மட்டும் கேளுங்கள். கோயிலில் அம்மன் கிரீடம் காணாமல் போனது. பனையேறி மாடக்கண்ணுவைப் பிடித்துவந்து, லாக்கப்பில் கட்டிவைத்து அடித்தார் இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி.

"நாந்தான் எடுத்தேன்" என்று ஒத்துக்கொண்டான். அதோடு அவர் விடவில்லை.

"கிணத்துல பொணமா மிதந்தாளே ஒருத்தி, அந்தக் கேஸும் முடியாமக் கிடக்கு. அதையும் ஒத்துக்க. யாருடா அவ?"

மாடக்கண்ணு கொஞ்சம் யோசித்தான். "என் பொஞ்சாதி பேச்சிக்கனி. நாந்தான் கொன்னேன், எசமான்."

இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. சந்தோஷமாக எழுதிக்கொண்டு, மறுநாளே கோர்ட்டில் நிறுத்தினார்.

மாஜிஸ்திரேட் சொன்னார்: "குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை. ஒத்துக்கொண்டால் அதுவே உனக்கு எதிரான சாட்சியாகும். யோசித்துச் சொல்."

"ரெண்டு குத்தத்தையும் இவர்கிட்ட ஒத்துக்கிட்டது நெசந்தான், சாமி. செத்தவளையும் ஒரு வார்த்தை கேட்டுருங்க. கைப்பிள்ளையோட வாசல்ல நிக்கிறா."

பேச்சிக்கனி உள்ளே வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் பார்வை புருஷனின் வீங்கிய பாதங்களைவிட்டு நகரவில்லை.

"உயிரோடு இருப்பவளைக் கொன்றதாக ஏன் சொன்னாய்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"இன்னும் நாலு அடி விழுந்திருந்தா, என்னையே கொன்னுட்டேன்னு சொல்லியிருப்பேன், சாமி."