மல்லாந்தான்குளத்துக்காரர்கள் கேட்ட புள்ளி

மல்லாந்தான்குளத்து ஆட்கள் யார் சொன்ன சொல்லையும் தட்ட மாட்டார்கள். சொன்னவர்கள்தான் பிறகு தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த ஊரிலேயே விவரமானவன் என்று பேர் எடுத்தவன் வெயிலுகந்தான். புதுக்குடை நனைந்துவிடக் கூடாது என்று அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் நடந்து வந்தவன். அன்றிலிருந்து ஊருக்கே அவன்மேல் மரியாதை.

ஊரில் ஆம்பளைகளுக்கு வாயில் பீடி இல்லாவிட்டால் பேச்சு வராது. அதைக் கேள்விப்பட்டுத்தானோ என்னவோ, நுரையீரலில் புற்றுநோய் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கிற வண்டி ஒன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் வந்து நின்றது. மத்தியானம் ஆகியும் ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. நர்ஸ் ஜெபமணி வெயிலுகந்தானுக்கு ஆள் விட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னா ஊரு கேக்கும். புகை பிடிக்கிறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நோயை ஆரம்பத்துலயே பாத்துட்டா ஆளைக் காப்பாத்திரலாம்."

வெயிலுகந்தானுக்கு அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் போய் நின்றது. அவனுடைய கூட்டாளி மாசானம் கொஞ்ச நாளாகவே இளைத்துக்கொண்டு வந்தான். கேட்டால், "வயசு ஆகுதுல்லா" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு வெயிலுகந்தானுக்குப் பிடிக்கவில்லை. இவனை எப்படியாவது வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே டீக்கடைக்கு ஓடினான்.

"புகை பிடிக்கிறவன் எல்லாம் வரணுமாம்வே!"

டீக்கடை பெஞ்சில் ஊரே இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. உச்சிமாகாளி மட்டும் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"புகையை எவம்வே பிடிச்சான்? நான் பீடி குடிக்கேன். புகையை அந்தாக்குல விட்டுருதேன்."

"நானும் விடத்தான் செய்யுதேன்" என்றான் மாசானம்.

"ஒருவேளை பிடிக்க முடியுமோ?" என்று ஒருவன் சந்தேகம் கிளப்ப, உடனே சோதனை நடந்தது. உச்சிமாகாளி புகையை விட்டான். நாலு பேர் துண்டை விரித்துக்கொண்டு பாய்ந்தார்கள். கடைசியில் ஒருவன் கோணிச்சாக்கால் மூடிப் பார்த்தான். சாக்குக்குள் உச்சிமாகாளியின் தலை மட்டும் இருந்தது.

வெயிலுகந்தான் திரும்பிப் போய், "எங்க ஊர்ல புகை பிடிக்கிறவன் ஒருத்தனும் இல்லம்மா. எல்லாரும் விட்டுட்டாங்க" என்றான்.

ஜெபமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியா! நீங்க எப்ப அண்ணாச்சி விட்டீங்க?"

"இந்தா, வாசல்ல நிக்கும்போதுகூட ரெண்டு தரம் விட்டேன்."

ஜெபமணி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "பீடி குடிக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. ஊசி கிடையாது, வலி கிடையாது. சும்மா படுக்கணும். பயத்தை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க."

டீக்கடையில் மறுபடியும் கூட்டம் கூடியது. பயத்தை வீட்டில் எங்கே வைப்பது?

"அடுப்படியில வைக்க முடியாது. அங்க என் பொண்டாட்டி இருக்கா. அவளைக் கண்டா பயம் பயந்துரும்" என்றான் உச்சிமாகாளி.

"கட்டிலுக்கு அடியில வச்சா?"

"ராத்திரி எட்டிப் பாக்கும்வே."

கடைசியில் பானை, பெட்டி, பழைய டிரங்கு என்று ஆளுக்கு ஒன்று முடிவானது. மாசானத்துக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை.

"உனக்கு என்னவே?" என்றான் வெயிலுகந்தான்.

"என் பயம் பெருசுவே" என்றான் மாசானம். "ஒரு பானையில அடங்காது."

வெயிலுகந்தான் எழுந்தான். கூட்டாளியின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். உள்ளே நெல் கொட்டி வைக்கிற மண்குலுக்கை ஆள் உயரத்துக்குக் காலியாக நின்றது. மாசானம் முக்காலிமேல் ஏறி, குலுக்கைக்குள் தலையை விட்டு, ஏதேதோ சொன்னான். வெகுநேரம் சொன்னான். வெயிலுகந்தான் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். முடிந்ததும் இருவருமாக மூடியைப் போட்டு, அம்மிக்கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள்.

ஊர் மொத்தமும் மைதானத்துக்குப் போனது. முதலில் உச்சிமாகாளி மிஷினில் படுத்தான்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றார் டாக்டர்.

உச்சிமாகாளி இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்தான்.

"கையை எடுங்க!"

"பிடிக்கச் சொன்னியளே?"

ஒருவழியாகப் படம் எடுத்து முடித்து, "இனி விடலாம்" என்றார் டாக்டர்.

"எதை? மூச்சையா, மூக்கையா?"

இப்படியே பொழுது சாய்கிற வரைக்கும் நடந்தது.

அடுத்த வாரம் வண்டி முடிவோடு வந்தது. டாக்டர் வெயிலுகந்தானின் படத்தைத் தூக்கிப் பார்த்து, "உங்க நுரையீரல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

வெயிலுகந்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமே இல்லையா? காத்தாவது இருக்கா சார்?"

உச்சிமாகாளிக்கும் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கும் இல்லை. மாசானத்தை மட்டும் டாக்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஒரு சின்னப் புள்ளி தெரியுது. மேற்கொண்டு சோதனை பண்ணிப் பாக்கணும். நோயாவே இருந்தாலும் ஆரம்ப நிலைதான், ஆபரேஷன்ல எடுத்துரலாம். நல்லவேளை வந்தீங்க."

மாசானம் திரும்பி வெயிலுகந்தானைப் பார்த்தான். வெயிலுகந்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே, "நான் கூடவே வாரேன்வே. ஆஸ்பத்திரியில உனக்குப் பதிலா முழிச்சுக்கிடுதேன்" என்றான்.

போனான். சோதனையில் நோய்தான் என்று தெரிந்து, மாசானத்துக்கு மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் நடந்த அத்தனை நேரமும் இவன் வெளியே கண்ணைச் சிமிட்டாமல் நின்றான். தண்ணீர் கொண்டுவந்த ஆயா இவனைத்தான் முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னாள்.

மாசானம் தேறி, சதைப்பிடிப்போடு ஊருக்குத் திரும்பினான். டீக்கடையில் ஏகப்பட்ட வரவேற்பு. எல்லாம் முடிந்ததும் உச்சிமாகாளி மெதுவாக ஆரம்பித்தான்.

"புள்ளி என்னாச்சுவே?"

"எடுத்துட்டாங்க."

"எடுத்து யாருக்குக் குடுத்தாங்க?"

இதை யாரும் யோசிக்கவே இல்லை. எல்லோரும் வெயிலுகந்தானைப் பார்த்தார்கள். கூடவே இருந்தவன் அவன்தானே.

"எனக்குக் குடுக்கலவே" என்றான் வெயிலுகந்தான். "அம்புட்டு நேரம் வாசல்லயே நின்னேன். ஒரு வார்த்தை கேக்கல."

"நமக்கெல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு எழுதிட்டு, இருந்த ஒரு புள்ளியையும் வெளியூர்க்காரனுக்குக் குடுத்துட்டாங்களே!" என்று கொதித்தான் உச்சிமாகாளி.

நியாயம் கேட்காமல் விடுவதில்லை என்று முடிவானது. வண்டி பக்கத்து ஊரில் நிற்கிறது என்று தெரிந்து மறுநாள் விடியும்போதே மொத்தப் பேரும் போய் அதன் வாசலில் வரிசையாக நின்றார்கள். அந்த ஊரிலும் அதுவரை ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு நீள வரிசையைப் பார்த்ததும், என்னவோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார்கள். பஸ்ஸில் போனவர்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார்கள்.

கதவைத் திறந்த ஜெபமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வரிசையில் முதல் ஆளாக வெயிலுகந்தான் நின்றான். கையில் மூடி போட்ட தூக்குவாளி.

"அவசரம் இல்லம்மா" என்றான். "புள்ளி சூடா இருந்தா ஆறுனதும் ஊத்துங்க."