கழுத்தில் இல்லாத கட்டை

வெண்ணியை அவள் கணவன் ஆதன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கப்பலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மாதிரி நிற்கிறீர்கள். நான் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளாதீர்கள்!"

அன்று அவன் கழுத்தில் இருந்திருக்க வேண்டியது மாலை அல்ல. கேளுங்கள், சொல்கிறேன்.

ராஜாக்கள் கடல் கடந்து முத்து அனுப்பிய காலம் அது. ஒரு பட்டினத்தில் மழைக்காலம் முழுவதும் கப்பல்களைக் கரையேற்றி வைப்பார்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் வடிய அடிப்பலகையில் ஒரு துளை உண்டு. துளையை அடைத்திருக்கும் மரக்கட்டையை எவன் பிடுங்குகிறானோ, அவன் அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்ப அடித்து இறுக்கும்வரை தூக்கத்திலும் கழற்றக் கூடாது. எவன் கழுத்திலாவது கட்டை தொங்கினால் கப்பல் கிளம்பாது. அது அந்த ஊர் வழக்கம்.

அந்த ஆண்டு கட்டையைப் பிடுங்கியவன் ஆதன்.

கப்பல் கடலில் இறங்கும் நாளில், அதன் சொந்தக்காரரான வணிகர், மழைக்காலம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டதற்காக அவனுக்கு மாலை போட வந்தார். வந்தவர் முகம் சுளித்தார். "நல்ல நாளும் அதுவுமாக, ஊர் மேயும் மாட்டுக்குக் கட்டியதுபோல இது என்னப்பா? கழற்று."

பெரியவர் மனம் கோணக் கூடாதே என்று ஆதன் கழற்றினான். பக்கத்தில் நின்ற தச்சன் கொற்றனிடம் நீட்டினான். "தம்பி, கையோடு இதை அடித்துவிடு."

கொற்றன் உள்ளே இறங்கிப் பார்த்தான். கட்டை காய்ந்து சுருங்கிப்போய்த் துளையில் ஆடியது. புதிதாய்ச் செதுக்க வேண்டும். அதற்குள் வெளியே, "நல்ல நேரம் போகுது, தள்ள வாடா!" என்று கூச்சல். துளையில் துணியைத் திணித்தான். கப்பல் தலைவனிடம் பிறகு சொல்லலாம் என்று கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினான். தள்ளிய ஆரவாரத்தில் மறந்தும் போனான்.

கப்பல் மிதந்தது. அரிசி மூட்டைகள் படகுகளில் வந்து துளைக்குமேல் அடுக்கப்பட்டன. ஆதன் வெண்ணியைப் படகில் கொண்டுவந்து ஏற்றிவிட்டான்.

கப்பல் தலைவன் எப்போதும் துளையைக் கையால் தடவிப் பார்ப்பவன். இன்று மூட்டைகள் மறைத்திருந்தன. படகில் நின்ற ஆதனின் கழுத்தைப் பார்த்தான். மாலைதான் இருந்தது.

"கட்டை இறங்கியாச்சு. பாயை விரியுங்கள்!"

கரைக்குத் திரும்பிய ஆதனின் முன்னால், நனைந்த வேட்டியை அவிழ்த்து உதறினான் கொற்றன். கட்டை மணலில் விழுந்தது.

"அண்ணே..."

"துளையில் என்னடா வைத்தாய்?"

"துணி."

பாய் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. இருவரும் படகைத் தள்ளித் துடுப்புப் போட்டார்கள். கத்தினார்கள். நல்ல காற்று, கப்பல் தூரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு பாய் சாய்ந்தது. பிறகு பாயே இல்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சில துடுப்புகள் மிதந்தன. மனிதர் எவரும் இல்லை.

ராஜா விசாரித்தார். "நான் மாலைதானே போட்டேன்," என்றார் வணிகர். "நான் பிறகு சொல்லத்தான் இருந்தேன்," என்றான் கொற்றன்.

ஆதன் சொன்னான்: "அடித்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவளை நான் ஏற்றியிருக்க மாட்டேன்."

அடுத்தவர் பார்த்திருப்பார் என்று எல்லோரும் விட்ட வேலையை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பட்டினத்தில் இன்றும் கப்பல் இறங்கும் நாளில் யாருக்கும் மாலை போடுவதில்லை.